செயின்ட் பால் சந்தையில் உதவிய அம்மாவுக்கு

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பாலில், லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் இன மக்கள் கடை நடத்தும் ஹ்மாங்டவுன் சந்தை வாசலில் கடுங்குளிரில் எங்கள் கார் கிளம்பவே இல்லை. கைக்குழந்தை வேறு அழுதாள். கேட்காமலே வந்தீர்கள் அம்மா. எங்களைக் கடைக்குள் உட்காரவைத்து, சூடாகக் கோழி சூப் கொடுத்தீர்கள். அப்புறம் உங்கள் மகனை அனுப்பிக் காரைக் கிளப்ப வைத்தீர்கள். பணத்தைத் தொடவே இல்லை.

1975-க்குப் பின் லாவோஸிலிருந்து தப்பி மெகாங் ஆற்றைக் கடந்தது, தாய்லாந்தின் பான் வினாய் அகதிகள் முகாமில் வளர்ந்தது என நீங்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சே வரவில்லை. இன்று ஹ்மாங் பெரியவர்கள் விளைவிக்கும் கீரைகளை நியாயமான விலைக்கு வாங்கி விற்கிறீர்கள். புதிதாகக் கடை போடும் பெண்களுக்குக் கணக்கும் கற்றுத் தருகிறீர்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் யோசனை கேட்டு உங்களிடம்தான் வந்தார்கள்.

பெயரைக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தச் சந்தைக்குப் போகிறவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். ரொம்ப நன்றி அம்மா, குழந்தை நலமாக இருக்கிறாள்.