மைலன் மேட்ச் பாக்கப் போறவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம், வெள்ளிக்கிழமை இண்டியானாபொலிஸ்ல இருந்து கெளம்புறவங்க இத ஒருதடவ படிச்சிடுங்க. நம்ம போறது ஓஹையோ ரிவர் வேலி கான்ஃபரன்ஸ் பாஸ்கெட்பால் மேட்ச், இண்டியானா மாநிலத்தோட தென்கிழக்கு மூலைல இருக்கற மைலன், சவுத் ரிப்லி, ரைசிங் சன், ஸ்விட்சர்லாந்து கவுன்டி மாதிரி சின்னச் சின்ன ஸ்கூல்ங்க சேந்து நடத்துற லீக். ஜாக்-சென்-டெல்னு ஒரு ஸ்கூல் இருக்கு, பேரு விசித்திரமா தெரியும், ஜாக்சன், சென்டர், டெலவேர்னு மூணு டவுன்ஷிப் பேரோட முதல் எழுத்துங்களச் சேத்து வச்சது, எனக்கு இந்தப் பேரு ரொம்பப் பிடிக்கும், எந்த ஊரையும் விட்டுடல பாருங்க.

பசங்களுக்கு 1954 கதைய கார்லயே சொல்லிடுங்க. வெறும் 161 பிள்ளைங்க படிச்ச மைலன் ஸ்கூல் ஸ்டேட் ஃபைனல்ல மன்சி சென்ட்ரல்ங்கற பெரிய ஸ்கூல 32-30னு ஜெயிச்சுது, அப்பல்லாம் சின்னது பெருசுன்னு பிரிக்காம எல்லா ஸ்கூலுக்கும் ஒரே டோர்னமென்ட்தான், மைலன் பிளேயர் பாபி பிளம்ப் கடைசி குவார்ட்டர்ல நாலு நிமிஷத்துக்கு மேல பந்த கைலயே வச்சிருந்தாரு, அப்புறம் கடைசி நொடிகள்ல அவரு போட்ட ஷாட்லதான் முடிஞ்சுது. 1997-98 சீசன்ல இருந்து சைஸ் பாத்து கிளாஸ் பிரிச்சிட்டாங்க, எனக்கு அதுல இன்னும் வருத்தம்தான். மைலன் ஊர்லயே அந்த 1954 டீமுக்கு மியூசியம் இருக்கு, அதையும் பாத்துடலாம்.

உள்ளூர்க்காரங்க கிட்ட மிலான்னு சொல்லாதீங்க, மைலன்தான். கார்ல எடம் இருக்கறவங்க இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க.