ஜெர்மன் இலக்கணத்த தமிழ்ல சொல்லிக் குடுக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நர்ஸ், ஜெர்மனி போறதுக்காக ஜெர்மன் படிக்கிறேன், ஏ1, ஏ2ங்கிற முதல் ரெண்டு நிலைய எப்படியோ தாண்டிட்டேன், மூணாவது நிலை பி1 வந்ததும்தான் நாக்கு தள்ளுது. கோத்தே நிறுவனம் நடத்துற பி1 பரீட்சையில நாலு பகுதி, ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு 60 எடுக்கணும்.

கிளாஸ்ல எல்லாமே இங்கிலீஷ் வழியாத்தான். தமிழ் மீடியத்துல படிச்ச எங்களுக்கு தலையச் சுத்தி மூக்கத் தொடுற கதை. கொடுமை என்னன்னா, இங்கிலீஷ் குழப்புற எடத்துல தமிழ் நேரா கொண்டுபோய் விட்டுடுது. ஹெல்ஃபன்னா உதவுறது, அதுக்கு டாட்டிவ்ங்கிற வேற்றுமை வரும், மனப்பாடம் பண்ணுங்கன்னாங்க. எதுக்கு மனப்பாடம்? நாம 'எனக்கு உதவு'ன்னுதான சொல்றோம், 'என்னை உதவு'ன்னா சொல்றோம்? மிர் இஸ்ட் கால்ட்னா எனக்கு குளிருது, எஸ் கெஃபெல்ட் மிர்னா எனக்கு பிடிச்சிருக்கு, எல்லாம் நம்ம நாலாம் வேற்றுமைதான், இங்கிலீஷ்காரன்தான் 'ஐ'ன்னு ஆரம்பிப்பான்.

அப்புறம் இன் (உள்ள), ஆஃப் (மேல), உன்டர் (கீழ) மாதிரி 9 ப்ரபொசிஷன் இருக்கு, போற எடம்னா அக்குசாட்டிவ் (நம்ம ரெண்டாம் வேற்றுமை மாதிரி), இருக்குற எடம்னா டாட்டிவ். சமையக்கட்டுக்குப் போறேன்னா இன் டீ க்யூஷெ, சமையக்கட்டுல இருக்கேன்னா இன் டேர் க்யூஷெ. (இங்க நம்ம 'கு'வுக்கு அக்குசாட்டிவ் வரும், நான் ரெண்டு டெஸ்ட்ல ஏமாந்தேன்.) 'ஏன்னா'ங்கிறதுக்கு வைல் போட்டா வினை கடைசிக்குப் போகும்னதும் கிளாஸே முழிச்சுது, ஆனா 'வைல் இஷ் கெஸ்டர்ன் ஃபீபர் ஹாட்டெ'ன்னா நேத்து காய்ச்சல் இருந்ததால, வரிசை அப்படியே நம்மளோடது, 'வைல்' மட்டும் முன்னாடி நிக்குது.

எல்லாத்துக்கும் தமிழ் கை குடுக்காது. ஜெர்மன்ல ஊசி பெண்பாலாம், கட்டுத்துணி ஆண்பாலாம், பிளாஸ்திரி ரெண்டும் இல்லையாம். 'நல்ல'ங்கிற ஒரு வார்த்தைக்கு கூட்டர், கூட்டெ, கூட்டஸ், கூட்டன், கூட்டம்னு அஞ்சு வால், அத உருப்போட்டுத்தான் ஆகணும்.

1706ல தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க்ங்கிற ஜெர்மன்காரர் தமிழ் கத்துக்கிட்டு அதுக்கு லத்தீன்ல இலக்கணமே எழுதினார், 1716ல ஜெர்மனியில ஹாலே ஊர்ல அச்சாச்சு. அவர் நம்ம இலக்கணத்த தன் ஆளுங்களுக்குப் புரியுற மொழியில சொன்னார், அதத்தான் நாங்களும் கேக்குறோம். பயிற்சி மையம் நடத்துறவங்க வாரத்துல ஒரு கிளாஸாவது வேற்றுமைய தமிழ்ல நடத்தட்டும். உங்க பேப்பர்லயும் ஞாயித்துக்கிழமை ஒரு ஓரத்துல போடலாம். எனக்கு அடுத்த மாசம் பரீட்சை, அதுக்கு முன்னாடின்னா ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி