கிராவல் அடிக்கும் முன் வாய்க்காலைப் பாருங்கள்: மதுரை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆனையூர்ப் பகுதியில் மூன்று ஏக்கர் மனையில் வணிக வளாகம் கட்ட ஒரு நிறுவனம் கொடுத்திருக்கும் திட்டம் உங்கள் பார்வைக்கு வருகிறது. வளாகம் வரட்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு, அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. பள்ளி விடும் நேரத்து நெரிசலைப் போக்குவரத்து போலீசார் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். நான் கேட்க வந்தது மழைத்தண்ணீரைப் பற்றி.

வரைபடத்தில் மனைக்குள் ஓடும் வடிகால் கோடு, தென்கிழக்கு மூலையில் மதில் வரை வந்து நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் தண்ணீர் எங்கே போகும் என்று எந்தத் தாளிலும் இல்லை. அந்த மூலைக்கு வெளியே இருப்பது எங்கள் தாழ்வான தெரு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஏக்கர் என்பது சுமார் 12,140 சதுர மீட்டர். அதன்மேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 12 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் அளந்தால் நூறு லாரி. இன்றைக்கு அது வெறும் மண்; கொஞ்சம் குடிக்கும், கொஞ்சம் தேக்கி வைக்கும், மிச்சத்தை மெதுவாக விடும். நாளைக்குக் கூரையும் கான்கிரீட்டும் மூடிய இடத்தில் விழுகிற தண்ணீர் ஒரே மூச்சில் வெளியே வரும். மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளைக் குறித்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் அவை நிரம்பிய பிறகு வழிகிற தண்ணீருக்கும் அதே மதில் மூலைதான்.

இதைவிடப் பெரிய பயம் கிராவல். கிராவல் மண்ணைக் கொட்டி, சாலை மட்டத்துக்கு மேலே மனையை உயர்த்தப் போகிறார்கள். ஒரு மனையை உயர்த்தினால் பக்கத்து மனை பள்ளமாகிவிடும் என்பது வீடு கட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். எத்தனை அடி உயர்த்துகிறார்கள், சுற்றுத் தெருக்களின் மட்டம் என்ன என்ற அளவுகள் இல்லாமல் இந்தத் திட்டத்தை எப்படிப் பரிசீலிக்க முடியும்? தரைக்குக் கீழே வாகன நிறுத்தம் தோண்டும்போது ஊறி வரும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பார்களே, அந்தக் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்கும்?

நம் ஊர்க் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்று நிரம்பி மறுகால் வழியே வழிகிற தண்ணீர்தான் அடுத்ததன் வரத்து. நடுவில் ஓர் இடத்தில் வாய்க்காலை ஒடுக்கினால், மேலே இருப்பவர் வீட்டிலும் தண்ணீர், கீழே இருப்பவர் வீட்டிலும் தண்ணீர். 2024 அக்டோபர் மழையில் செல்லூரிலும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நீங்களே நேரில் பார்த்தீர்கள். ஊரின் நடுவே ஓடிய கிருதுமால் நதி இன்று சாக்கடையாகக் கிடக்கிறது. அதன் கரை ஒரே நாளில் போனதில்லை; ஒவ்வொரு மனையாக, ஒவ்வொரு அனுமதியாகப் போனது.

கட்டட அனுமதியில் நகர் ஊரமைப்புத் துறைக்கு என்ன பங்கு என்பதை அறிவேன். ஆனால் சாலையும் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடை இணைப்பும் உங்கள் கையில். பெரிய மனையில் பொதுப் பயனுக்கென்று விட வேண்டிய திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலத்தைத் தானமாகப் பெறுவதும் நீங்கள்தான். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கு அந்த ஒதுக்கீடான பத்து சதவீதத்தை நிலமாகவே தர வேண்டும். பணமாகக் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. அந்த நிலத்தை மனையை ஒட்டிய வாய்க்கால் ஓரமாக வாங்குங்கள். முன்பக்கத்தில் நாலு செடி வைக்கிற பூங்காவாக வாங்கினால் படத்துக்கு அழகாக இருக்கும், மழைக்கு உதவாது. வாய்க்கால் ஓரத்தில் பள்ளமான புல்வெளியாக விட்டால், பெருமழையில் தண்ணீர் நின்று போக இடம் கிடைக்கும். வாய்க்காலைத் தூர்வார ஜேசிபி இறங்கவும் வழி இருக்கும்.

தீர்மானம் போடுவதற்கு முன் வருவாய்த் துறையின் நில அளவைப் படமான புலப்படத்தையும் நிறுவனத்தின் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது, மதில் எங்கே வருகிறது என்பதைச் சர்வேயர் கல் நட்டுக் காட்டட்டும். வடகிழக்குப் பருவமழை வரும்போது, ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் உறுப்பினர்கள் சிலராவது அந்த இடத்துக்கு வாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும்.

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கென்று 2022இல் விதிகள் வந்துவிட்டன. இந்தத் திட்டத்தை அங்கே வையுங்கள். நிறுவனத்தின் பொறியாளரும் வரட்டும்; மதில் மூலைக்கு அப்பால் தண்ணீர் போகும் வழியை அவரே வரைந்து காட்டட்டும். கூட்டத் தேதியை ஒரு வாரம் முன்னதாக வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதும், தெருவே வந்துவிடும்.

இப்படிக்கு,
ஆனையூர்ப் பகுதிக் குடியிருப்பாளர் ஒருவர்