பேர் சொல்லாமல் போன அண்ணனுக்கு

காரைக்குடி உதிரிபாகக் கடையில் போன மாதம் ஓடாத ஜீப்பைப் பற்றிய என் புலம்பலைக் கேட்டுவிட்டு, கூப்பிடாமலேயே கானாடுகாத்தானுக்கு என் பின்னால் பைக்கில் வந்தீர்களே அண்ணே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

அப்பச்சி ஓட்டிய மகிந்திரா சிஜே3பி ஜீப் அது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் 18 வருடம் துருப்பிடித்துக் கிடந்தது. இஞ்சின் இறுகிவிட்டது, பிரிக்கத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, "மூணு நாள் தொடாதீங்க தம்பி" என்றீர்கள். நாலாம் நாள் நீங்களே வந்து, இஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தீர்கள். இஞ்சின் சுற்றியபோது அப்பத்தா அழுதுவிட்டார்கள்.

பிறகும் ஒரு சிலிண்டரில் அமுக்கம் இல்லை. இந்த ஹரிக்கேன் இஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டில், புகை வால்வு கீழே பிளாக்கில். பக்கவாட்டு மூடியைத் திறந்து, சிக்கியிருந்த வால்வைக் காட்டினீர்கள். பிளக் வயர்களையும், சிலிண்டர்கள் எரிய வேண்டிய 1-3-4-2 வரிசையில் மாற்றிக் கொடுத்தீர்கள்.

காசு வாங்கவில்லை, சுக்குக் காபி மட்டும்தான். நேற்று வண்டி செட்டிநாடு ஸ்டேஷன் வரை போய்வந்தது. ஒருநாள் வாங்க அண்ணே, முன் சீட் உங்களுக்குத்தான்.