ஆர்லாண்டோ ரயில்: இரண்டு நிறுத்தமும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வண்டியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஓடும் தனியார் ரயிலான ப்ரைட்லைனை ஆர்லாண்டோவிலிருந்து டாம்பாவுக்கு நீட்டும்போது அது டிஸ்னி பக்கம் போவதா, யூனிவர்சல் பக்கம் போவதா என்ற இழுபறி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இரண்டு கேளிக்கைப் பூங்கா நிறுவனங்களின் மல்லுக்கட்டாக மட்டுமே அது எழுதப்பட்டிருந்தது. பாதை போடுகிறவர்களின் கண்ணால் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மயாமியிலிருந்து ஆர்லாண்டோ விமான நிலையம் வரை 378 கிலோமீட்டர். 2023 செப்டம்பர் 22 முதல் ரயில் ஓடுகிறது. பயண நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. கடற்கரையோரப் பழைய பாதையில் வெஸ்ட் பாம் பீச் வரை அதிகபட்ச வேகம் மணிக்கு 127 கி.மீ., அங்கிருந்து கொக்கோ வரை 177, அதன்பின் 528 சுங்கச்சாலையை ஒட்டிப் புதிதாகப் போட்ட பாதையில் 200. ஆர்லாண்டோ நிலையம் விமான நிலையத்தின் சி முனையத்தை ஒட்டி இருக்கிறது. வண்டி வடக்கிலிருந்து நுழைகிறது, பணிமனை தெற்கே இருக்கிறது. ஆகவே டாம்பாவுக்குப் போக வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. பணிமனையைத் தாண்டி மேற்கே வளைந்தால் போதும். தகராறு முழுவதும் அதற்கடுத்த சுமார் 30 கிலோமீட்டரில்தான்.

2020 நவம்பரில் டிஸ்னியும் ப்ரைட்லைனும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்னும் கடைத்தெருப் பகுதியில் நிலையம் கட்ட ஒப்புக்கொண்டன. வழி, 417 சுங்கச்சாலையின் ஓரம். ஹன்டர்ஸ் க்ரீக் குடியிருப்புக்காரர்கள் இரைச்சலைச் சொல்லி எதிர்த்தார்கள். யூனிவர்சல் நிறுவனமோ, டாஃப்ட்-வைன்லேண்ட் சாலையை ஒட்டி வடக்கே வந்து, இன்டர்நேஷனல் டிரைவ் மாநாட்டு மையத்தருகே நிறுத்தம் வைக்கச் சொன்னது. சுமார் 13 ஏக்கர் நிலம் தருவதாகவும் 12.5 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்கு வழி செய்வதாகவும் முன்வந்தது. 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்கா அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2022 ஜூனில், பாதை மாறியதால் இத்திட்டத்தில் தான் இருக்கப்போவதில்லை என்று டிஸ்னி விலகிக்கொண்டது. சன்ரெயில் என்னும் புறநகர் ரயிலும் ப்ரைட்லைனும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் "சன்ஷைன் காரிடார்" என்பதே இப்போது பேச்சில் இருக்கும் திட்டம்.

இதில் "இதுவா அதுவா" என்ற கேள்விக்கே இடமில்லை. மாநில அரசு முன்பு போட்ட ஆர்லாண்டோ–டாம்பா அதிவேக ரயில் திட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். 135 கி.மீ. நீளம், ஐந்து நிலையங்கள்: விமான நிலையம், மாநாட்டு மையம், டிஸ்னி, லேக்லேண்ட், டாம்பா. மாநாட்டு மையம், டிஸ்னி இரண்டுமே அதில் இருந்தன. மத்திய அரசு தரவிருந்த 240 கோடி டாலரை 2011 பிப்ரவரியில் ஆளுநர் ரிக் ஸ்காட் வேண்டாம் என்று மறுத்ததால் அது நின்றது. பொறியியல் காரணம் எதுவும் இல்லை.

கூடுதல் நிறுத்தம் வைத்தால் மயாமி–டாம்பா பயணம் நீண்டுவிடும் என்கிறார்கள். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 127 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிதானமாகப் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 50 விநாடி; நிற்காமல் போயிருந்தால் அதே தூரத்துக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அதில் இழப்பு 25 விநாடி. டீசல் எஞ்சின் அதே வேகத்தைத் திரும்ப எட்ட இரண்டு நிமிடம். அதில் இழப்பு ஒரு நிமிடம். பெட்டி படுக்கையோடு ஏறி இறங்க இரண்டு நிமிடம். ஆக மொத்தம் மூன்றரை நிமிடம்! மயாமியிலிருந்து டாம்பா வரை போகும் ஒரு வண்டிக்கு இது பெரிய விலையே அல்ல.

வடக்கே வளைந்து போவதால் வேகம் குறையும் என்ற வாதம் பாதி உண்மை. வெளித் தண்டவாளத்தை 150 மில்லிமீட்டர் உயர்த்தி, வழக்கமான 75 மில்லிமீட்டர் சாய்வுக் குறைபாட்டை (அந்த வேகத்துக்குத் தேவையான உயர்வில் குறையும் அளவை) அனுமதித்தால், 300 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 75 கி.மீ. வேகத்தில் போகலாம், 500 மீட்டரில் 97, ஆயிரம் மீட்டரில் 138. 200 கி.மீ. வேண்டுமானால் ஆரம் 2,100 மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு அகலமாக வளைய டாஃப்ட்-வைன்லேண்ட் பக்கம் இடமில்லைதான். ஆனால் இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவே 10, 12 கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தத் தூரத்தில் டீசல் வண்டி 200-ஐ எட்டிப் பிடிக்கும் முன்பே பிரேக் போட வேண்டிவரும். வளைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய இடம் ஐ-4 நெடுஞ்சாலையோரம் டாம்பாவை நோக்கிப் போகும் நீண்ட தூரம். நெடுஞ்சாலை வளைவுகள் கார்களுக்காகப் போட்டவை, ரயிலுக்காக அல்ல.

யாரும் பேசாத விஷயம் நடைமேடை உயரம். ப்ரைட்லைன் பெட்டியின் தரை, தண்டவாளத்திலிருந்து சுமார் 48 அங்குல உயரத்தில் இருக்கிறது. நடைமேடையும் அதே உயரம் என்பதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடங்கலில்லாமல் உள்ளே போகும். சன்ரெயிலில் ஓடுவது இரண்டடுக்குப் பெட்டி. அதன் கீழ்த்தளம் சுமார் 25 அங்குலம்தான், நடைமேடை அதைவிடத் தாழ்வு. ஒரே தண்டவாளத்தில் இரண்டும் ஓடலாம். ஒரே நடைமேடையில் இரண்டும் நிற்க முடியாது. ஆகவே பொதுவான நிலையம் ஒவ்வொன்றிலும் உயர மேடை ஒரு பக்கம், தாழ்வான மேடை ஒரு பக்கம், குறைந்தது மூன்று தடம், முன்னும் பின்னும் வண்டி தடம் மாறுவதற்கான கிராசிங் பாயின்ட்டுகள் வேண்டும். அந்த அகலத்துக்கு இப்போதே நிலத்தை ஒதுக்கிவைக்காமல், இரண்டு தடம் போதும் என்று நிலையத்தைக் கட்டிவிட்டால், பத்து ஆண்டு கழித்து இடித்துக் கட்ட வேண்டிவரும். 13 ஏக்கர் பெரிய இடம் போலத் தோன்றும். பேருந்து நிற்குமிடம், கார் இறக்கிவிடும் பாதை, மின்தூக்கிகள் எல்லாம் வந்தபிறகு தடங்களுக்கு மிஞ்சுவது ஒரு நீளத் துண்டுதான்.

இன்னொரு சிக்கல், விமான நிலையத்துக்குத் தென்மேற்கே உள்ள மெடோ வுட்ஸ் பக்கத்தில் புதுப்பாதை சன்ரெயிலின் வடக்கு–தெற்குத் தடத்தைக் கடக்கும் இடம். அந்தத் தடத்தை மாநிலம் சிஎஸ்எக்ஸ் என்னும் சரக்கு ரயில் நிறுவனத்திடமிருந்து 2011-இல் வாங்கியது. சரக்கு ரயில் ஓட்டும் உரிமை இன்னும் சிஎஸ்எக்ஸிடம் இருக்கிறது. தரைமட்டத்திலேயே குறுக்கே வெட்டினால், தாமதமாக வரும் ஒரு சரக்கு வண்டி மயாமியிலிருந்து நேரத்துக்கு வந்த வண்டியை வெளியே நிறுத்திவிடும். ஒரு வண்டி நின்றால் பின்னால் வரும் எல்லா வண்டிகளின் நேரமும் தள்ளும். மேம்பாலம்தான் வழி. சரக்கு ரயிலுக்கு மேலே இடைவெளியும் பாலத்தின் கனமும் சேர்த்து ஒன்பதரை மீட்டர் உயர வேண்டும். நூற்றுக்கு ஒன்றரை ஏற்றம் என்றால் ஏற 630 மீட்டர், இறங்க 630 மீட்டர். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் ஊர் என்பதால் பள்ளம் தோண்டி அடியில் போகும் யோசனை செல்லாது. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள், விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி என்னை அதிகம் உறுத்தும் விஷயம். பூங்காக்கள் சனி, ஞாயிறும் திறந்திருப்பவை. சன்ரெயில் சனி, ஞாயிறு ஓடுவதே இல்லை. வாரநாளிலும் அலுவலக நேரத்தில் அரைமணிக்கு ஒன்று. மற்ற நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு மணி நேர இடைவெளி. அறை சுத்தம் செய்கிறவர், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர், வாணவேடிக்கை முடிந்து கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கிளம்புகிறவர் ஆகியோரின் வேலை நள்ளிரவை ஒட்டி முடிகிறது. நள்ளிரவுக்குப் பிறகு அந்தத் தடத்தில் சரக்கு வண்டிகளுக்கு முன்னுரிமை. அதாவது, "தொழிலாளர்களும் பயன்பெறுவார்கள்" என்று சொல்லிப் பொதுப்பணம் கேட்கும் பாதை, இன்றைய நேர அட்டவணைப்படி அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பயன்படாது. வாரம் ஏழு நாளும், அதிகாலை ஐந்து முதல் பின்னிரவு ஒரு மணி வரை வண்டி என்று எழுத்தில் வராமல் ஒரு டாலர் பொதுப்பணமும் இதில் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஓட்டுநர்கள், கூடுதல் பெட்டிகள், சிஎஸ்எக்ஸோடு நேரப் பேச்சுவார்த்தை, ஆண்டுதோறும் நடத்தும் செலவு எல்லாம் வேண்டும். கட்டுமானச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஆண்டுச் செலவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

டிஸ்னி பக்க நிறுத்தத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைத்தெரு; பூங்கா அல்ல. அங்கே கார் நிறுத்த இலவசம், பூங்காக்களில் கட்டணம். இலவசமாகக் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் பூங்காவுக்குப் போய்விடக் கூடாது என்பதால், அங்கிருந்து பூங்காவுக்கு நேரடிப் பேருந்து விடுவது வழக்கமில்லை. விடுதிக்குப் போய்த்தான் மாற வேண்டும். ரயிலில் வந்து இறங்கும் குடும்பம் இரண்டு பேருந்து மாறுவதைவிட, விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்துவிடும். யூனிவர்சல் பக்கமும் இப்படித்தான்: எபிக் யூனிவர்ஸ் அருகில் இருந்தாலும் பழைய இரண்டு பூங்காக்கள் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கின்றன. வண்டி வந்து பத்து நிமிடத்துக்குள் புறப்படும் இணைப்புப் பேருந்து, ரயில் சீட்டிலேயே அதன் கட்டணமும் அடங்கும் ஏற்பாடு, இவை நிலைய ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? 2022-இல், ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு மாவட்டத்தின் மக்கள் போக்குவரத்துக்கான ஒரு சதவீத விற்பனை வரியை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். டாம்பா நீட்டிப்பின் ஆய்வுக்கும் வரைவுக்கும் மத்திய அரசு அதே ஆண்டு சுமார் 1.59 கோடி டாலர் ஒதுக்கியது. அது காகித வேலைக்கான பணம். ப்ரைட்லைனோ 2025-இல் சில கடன்பத்திரங்களுக்கு வட்டி கட்டுவதையே தள்ளிவைத்தது. இந்த நிலையில் பூங்கா நிறுவனங்கள் தரும் நிலமும் பணமும் பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிலையம் பொது அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். ப்ரைட்லைன் கைமாறினாலும் நின்றுபோனாலும் வேறு நிறுவனத்தின் ரயில் அங்கே நிற்க உரிமை வேண்டும். எதிர்ப் பூங்காவுக்குப் போகும் பேருந்தையும் வாசலில் நிற்க விட வேண்டும். நிலத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே இந்த மூன்றும் பத்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

இப்படிக்கு,
இருப்புப்பாதைத் துறை வாசகர் ஒருவர்,
ஆர்லாண்டோ.