செகோவியாவிலிருந்து அம்மாவுக்கு

செகோவியா, ஸ்பெயின்,
பிப்ரவரி

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. அப்பா மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கியதும், மேற்குத் தெரு அத்தை கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் படித்து நிம்மதி அடைந்தேன். சின்னவளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த பக்கங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிஸ்டர்கள் நடத்திய அழைத்தல் முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து மடத்தில் சேரப்போவதாகச் சொல்கிறாள், நீ எழுதினால்தான் கேட்பாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். அதற்கு முன் இங்கே நான் பார்த்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் என் சுகம். நன்றாக இருக்கிறேன். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று இந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. இப்போது அந்த ஒன்பது மாதத்தின் நடுவில் இருக்கிறோம். காலையில் வேலைக்குப் போகும்போது ரோமர்கள் கட்டிய பெரிய நீர்ப்பாலத்தின் அடியில்தான் நடந்து போவேன். சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல், கருங்கல்லின் மேல் கருங்கல்லை அடுக்கியே எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு மாடத்தில் மாதா சுருபம் இருக்கிறது. அங்கே நின்று உங்கள் எல்லாருக்காகவும் ஓர் அருள் நிறை மரியே சொல்லிவிட்டுத்தான் போவேன். ஹீட்டரை இரவில் அணைத்துவிடுகிறேன். கம்பளி இருக்கிறது, போதும். சூடான அறையில் படுத்தால் தொண்டை கட்டிக்கொள்கிறது.

முதியோர் இல்லத்தில் வேலை வழக்கம்போலப் போகிறது. என் நர்சிங் சான்றிதழை இந்த நாட்டில் ஏற்றுக்கொள்ளும் காகிதம் இன்னும் வரவில்லை. அதுவரை உதவியாளர் வேலைதான். குறை ஒன்றும் இல்லை. இந்த மாதப் பணம் மட்டும் சற்றுத் தாமதமாக வரும், கவலைப்பட வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா, நம் நெத்திலியை இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முள்ளை எடுத்துவிட்டு, அடுப்பிலேயே வைக்காமல், வினிகரில் ஊறவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டு அப்படியே சாப்பிடுகிறார்கள்! முதல் முறை தட்டைப் பார்த்ததும் புளியும் தேங்காயும் அரைத்துப் போட்ட உங்கள் நெத்திலிக் குழம்புதான் நினைவுக்கு வந்தது. எனக்கு இறங்கவில்லை. இப்போது சாப்பிடப் பழகிவிட்டேன். ஆனாலும் அதை மீன் என்று என் நாக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். எண்பதைக் கடந்தவர். இரவு பத்து மணிக்கு என் கதவைத் தட்டி, சாப்பிட வா என்று அதட்டுவார். ஏதாவது தொலைந்துபோனால் அந்தோணியார் சுருபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் திருப்புவேன் என்று மிரட்டுவார். அந்தோணியார் கோயில் இருக்கும் எங்கள் பக்கத்து உவரியில் இப்படிச் செய்தால் ஊரே திரண்டு வந்துவிடும் என்று சொன்னேன். அந்தோணியாருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்கிறார். அவர் வீட்டில் வட்ட மேசைக்கு அடியில் மின்கணப்பு ஒன்று இருக்கிறது. தரைவரை தொங்கும் கனத்த மேசைத்துணியை முழங்காலுக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்து வர மனம் வராது. பூண்டும் பழைய ரொட்டியும் முட்டையும் போட்ட சூப் வைத்துக் கொடுப்பார். அந்த மேசையில்தான் படத்தைப் பார்த்தோம்.

‘லா யமாதா’ என்று பெயர், ‘அழைப்பு’ என்று அர்த்தம், 2017இல் வந்தது. ஹவியேர் அம்ப்ரோசி, ஹவியேர் கால்வோ என்ற இரண்டு இளைஞர்கள் 2013இல் மத்ரித் நகரத்து லாரா அரங்கில் நாடகமாக மேடையேற்றி, பிறகு படமாக எடுத்தது. நம் சவேரியார் பிறந்த ஹவியேர் கோட்டையின் பெயர்தான் இருவருக்கும். நம் ஊரில் தெருவுக்குத் தெரு சேவியர் இருப்பதைப்போல இந்த நாடு முழுவதும் ஹவியேர்கள்.

கதை இதே செகோவியாவில் நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்காகச் சிஸ்டர்கள் நடத்தும் கோடைக்கால முகாம். மரியா, சுசானா என்று இரண்டு தோழிகள், பதினேழு வயது. இரவில் முகாமை விட்டு நழுவி ஆட்டம் பாட்டத்துக்குப் போய்வந்து மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த மூத்த சிஸ்டர், தன் பக்திப் பாட்டு ஒன்றாலேயே பிள்ளைகளைத் திருத்திவிடலாம் என்று நம்புகிறார். இதற்கு நடுவில் மரியாவுக்கு ஆண்டவர் காட்சி கொடுக்கிறார். எப்படித் தெரியுமா? பளபளக்கும் கோட்டு சூட்டில் வந்து, விட்னி ஹூஸ்டனின் காதல் பாட்டுகளை ஆங்கிலத்தில் பாடுகிறார்! ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாட்டு மட்டும்தான். அவர் ஏன் தன்னிடம் வருகிறார், என்ன கேட்கிறார் என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவே இல்லை.

இதைப் படித்து நீங்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வீர்கள். தோழி சுசானாவுக்கு அங்கிருக்கும் இளம் சிஸ்டர் மேல் காதல் வருகிறது என்பதைச் சொன்னால் கடிதத்தையே மடித்து வைத்துவிடுவீர்கள். நானும் தொடக்கத்தில் கூச்சத்தோடுதான் பார்த்தேன். ஆனால் படம் எடுத்தவர்கள் ஆண்டவரைக் கேலி செய்யவில்லை. சிஸ்டர்களையும் அந்தப் பிள்ளைகளையும் கேவலப்படுத்தவில்லை. இத்தனை சிரிப்புக்கு நடுவில் எல்லாரையும் பிரியத்தோடு பார்க்கிறார்கள். பெலேன் குவெஸ்தா என்ற நடிகை அந்த இளம் சிஸ்டராக வருகிறார். ஒரு காலத்தில் பாட்டுக்காகவே உயிரை வைத்திருந்தவர், இப்போது உடுப்புக்குள் இருந்துகொண்டு, தான் வந்து சேர்ந்த இடம் இதுதானா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். படம் முடிந்ததும் அவருடைய அக்காவைப் பற்றிச் சொன்னார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு இங்கே கொடிய பஞ்சம். 1952 வரை ரொட்டிகூட ரேஷன் அட்டைக்குத்தான். வீட்டில் வாய்கள் அதிகம் என்று அந்த அக்கா பதினாறு வயதில் மடத்துக்குப் போய்விட்டாராம். அங்கேயே இருந்து, அங்கேயே இறந்தும் போனார். ஆண்டவர் கூப்பிட்டுப் போனாளா, எங்களுக்கு ஒரு ரொட்டி மிச்சமாகட்டும் என்று போனாளா, நான் ஒருநாளும் கேட்கவில்லையே என்றார் பாட்டி.

அம்மா, சின்னவளிடம் இதைத்தான் கேட்க வேண்டும். நகை அடகில் இருப்பது அவளுக்குத் தெரியும். மேற்குத் தெரு அத்தை மகனுக்கு அவளைக் கேட்டு வந்தபோது சீர் பற்றிப் பேச்சு எழுந்ததும், நீங்கள் அடுக்களையில் அழுததும் அவளுக்குத் தெரியும். நம் பாரத்தைக் குறைக்க நினைத்து அவள் இந்த முடிவுக்கு வந்திருந்தால் அது அழைத்தல் ஆகாது. வேறு எதையும் எண்ணாமல் உண்மையாகவே அவளுக்குள் அந்தக் குரல் கேட்கிறது என்றால், நாம் குறுக்கே நிற்கக் கூடாது. நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலம் குறைந்தது ஒரு வருடம், அதற்குப் பின் தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, மூன்று வருடமாவது, அப்புறம்தான் நித்திய வார்த்தைப்பாடு என்று திருச்சபையே பொறுமையாகக் காத்திருக்கிறது. நாமும் காத்திருப்போம். அவள் படிப்பை முடிக்கட்டும். பட்டம் கையில் இருந்தால் மடத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவள் சொந்தக் காலில் நிற்பாள்.

மடத்துக்குப் போகாமலிருக்க அவசரமாகக் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அத்தையிடமும் பதமாகச் சொல்லுங்கள், பகை வேண்டாம். சீருக்குப் பணம் வேண்டும் என்ற நாள் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இங்கே பெரிய செலவு ஒன்றும் இல்லை.

படத்தில் அந்தப் பிள்ளைகள் கூடிப் பாடியபோது எனக்கு நம் கோடை விடுமுறை மறைக்கல்வி வகுப்புதான் கண்ணில் நின்றது. மணல்மேட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்குக் கீழே எங்களை வரிசையாக உட்காரவைத்து, உபதேசியார் ஓரடி பாட நாங்கள் ஓரடி பாடுவோம். காற்றில் பாதிப் பாட்டு கடலுக்குப் போய்விடும். சவேரியாரும் நம் கரையில் இப்படித்தான், கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், பிள்ளைகளைக் கூட்டித் தமிழிலேயே செபம் சொல்லிக்கொடுத்தார் என்று உபதேசியார் சொல்வாரே. சவேரியார் பிறந்த நாட்டில் இருந்துகொண்டு, அவர் நம் ஊருக்கு வந்து தங்கிய குகையை நினைத்து அழுதேன் அம்மா. ஒரு செப்டம்பர் திருவிழாவுக்காவது வந்துவிட வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அறைக்கு வந்துவிடுகிறேன். துவைக்க, சமைக்க வேலை சரியாக இருக்கிறது. மார்ச்சில் ஹவியேர் கோட்டைக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே திருயாத்திரை போவார்கள். எனக்கு இந்த ஆண்டு விடுப்பு அமையாது. அடுத்த ஆண்டு கட்டாயம் போய் சின்னவளுக்காக வேண்டிக்கொள்வேன்.

மற்ற காரியங்கள்: அடகு நகையை மீட்க முடியாவிட்டாலும், தவணைக்கு முன் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துவிடுங்கள், ஏலத்துக்கு விடக் கூடாது. படகு எஞ்சினுக்கு அந்தத் தூத்துக்குடிக்காரரிடம் புதிதாகக் கடன் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். தம்பி இரவில் பைக்கில் திருச்செந்தூர் போவதை நிறுத்த வேண்டும். சின்னவளுக்குத் தனியாக ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவள் கையில் கொடுங்கள். அவள் கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி என்ன, எவ்வளவு என்று தம்பியை உடனே எனக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பட்டும். போன முறை ஓர் எண் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் அன்பு மகள்