ஹான் ஆற்றங்கரைக்குப் போகவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளே,

தூக்கம் கெட்டு கொரிய நாடகம் பார்க்கிறீர்கள், ஹங்குல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறீர்கள், சியோல் போகக் காசு சேர்க்கிறீர்கள். எனக்கு மகிழ்ச்சிதான். ஒரே ஒரு வேண்டுகோள். சியோல் நடுவே ஓடும் ஹான் ஆற்றில், யோய்தோ என்ற தீவுப் பகுதியின் கரைப் பூங்காவில் பாய் விரித்து ராமியோன் நூடுல்ஸ் சாப்பிட்ட பிறகு, எதிரே தண்ணீருக்கு நடுவில் தெரியும் பசுமையான தீவைக் கொஞ்சம் பாருங்கள்.

அதன் பெயர் பாம்சோம். கொரிய மொழியில் பாம் என்றால் கஷ்கொட்டை, சோம் என்றால் தீவு. அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகு கட்டி வாழ்ந்தார்கள். 1968 பிப்ரவரியில் அந்தத் தீவை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 62 குடும்பங்கள், 443 பேர் எதிர்க்கரையில் இருந்த வாவு மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தகர்த்த கல் எங்கே போனது தெரியுமா? யோய்தோவைச் சுற்றிக் கட்டிய கரைக்கு. நாடாளுமன்றமும் நிதி நிறுவனங்களின் கோபுரங்களும் எழுந்தது அந்தக் கரையை நம்பித்தான். 'ஹான் ஆற்றின் அதிசயம்' என்று கொரியாவின் வளர்ச்சியைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு அந்த 62 வீடுகள்தான் நினைவுக்கு வரும்.

அந்த ஆறு இல்லாமல் கொரிய வரலாறே இல்லை. பெக்ஜே, கோகுர்யோ, சில்லா என்ற மூன்றும் பண்டைய கொரிய அரசுகள். பெக்ஜே அரசின் முதல் தலைநகரம் ஹான் கரையில் இருந்தது. 475இல் கோகுர்யோ அதைப் பிடித்தது, 553இல் அந்தப் பகுதி சில்லாவின் கைக்குப் போனது. 1394இல் ஜோசோன் அரசு தலைநகரை இங்கே மாற்றியது. வரி அரிசி படகில் வந்தது, மாப்போ துறையில் உப்பிட்ட இறால் வந்து இறங்கியது. குளிரில் உறைந்த ஆற்றைப் பாளம் பாளமாக வெட்டிக் கோடைக்காகக் கிடங்கில் சேமித்தார்கள். அந்தக் கிடங்கின் பெயரால்தான் ஸோபிங்கோ என்ற பகுதியை இன்றும் அழைக்கிறார்கள். அப்புறம் போர். 1950 ஜூன் 28 விடியுமுன், வடகொரியப் படையைத் தடுக்கத் தென்கொரிய ராணுவமே ஹான் பாலத்தைத் தகர்த்தது. தப்பி ஓடிக்கொண்டிருந்த மக்களும் அதில் இறந்தார்கள்.

பாம்சோமை ஆறே திரும்பக் கட்டியது. வண்டலைக் கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்து, பழைய தீவைவிடப் பெரிதாக்கிவிட்டது. 2012இல் அது ராம்சார் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இப்போது பறவைகளுக்குத்தான் அங்கே இடம், மனிதர்கள் நினைத்தபடி போக முடியாது.

சோகாங் பாலம் அந்தத் தீவுக்கு மேலேதான் போகிறது. அதில் நடந்துபோய்ப் பாருங்கள். சூசோக் என்ற அறுவடைப் பண்டிகையை ஒட்டி, அந்த ஊரில் பிறந்தவர்கள் படகில் போய் இறங்கி, முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா